முப்புடாதி சொல்ல வந்த மீதிப் பதில்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மேஜை மேல் கைப்பேசி மூன்று முறை அதிர்ந்தது. மூன்று முறையும் பெனிட்டோ. ஐந்தருவியில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் குடும்பத்து இளைஞன். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "மேடம், முப்புடாதி அக்கா எந்திரிக்கல" என்றான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

முப்புடாதிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டவள் இல்லை. அன்று தூக்கத்திலேயே வந்திருக்கிறது. அம்மா காப்பி எடுத்துக்கொண்டு எழுப்பப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வயது இருபத்தாறு.

இறந்தவர்களைப் பற்றி நல்லது மட்டுமே பேச வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதற்கு நான் கட்டுப்படுகிறேன். இறந்தவளைப் பற்றி நல்லது மட்டும்தான் இதில் இருக்கும். உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அழுது ஆறிக்கொள்வதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளோடு பழகியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அவளை அறியாதவர்களுக்கு நான்கு வரி. ஊர் கீழப்பாவூர். அப்பா இல்லை. அம்மா ஆவுடையம்மாள் சந்தையில் காய்கறிக் கடை போட்டு அவளைப் படிக்க வைத்தார். தென்காசிப் பக்கம் நான் வேலை பார்க்கும் கல்லூரியில்தான் அவள் உளவியல் படித்தாள். தனக்கு ஆட்டிசம் என்பது அவளுக்கே பத்தொன்பதாவது வயதில்தான் தெரிந்தது. படிப்பு முடிந்ததும் தன்னைப் போன்றவர்களைத் தேடிப் போனாள். ஆட்டிசம் உள்ளவர்கள், ஓரிடத்தில் கவனம் நிற்காதவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்கள் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞர்களைச் சேர்த்தாள். ஏன் விட்டார்கள் என்று அவர்களையே கேட்டு எழுதினாள். அதற்கு முன் அந்தக் கேள்வியை வாத்தியார்களிடம் கேட்டிருக்கிறார்கள், பெற்றவர்களிடம் கேட்டிருக்கிறார்கள், டாக்டர்களிடம் கேட்டிருக்கிறார்கள். விட்டவர்களிடம் போய் யாரும் உட்காரவில்லை.

நான் தமிழ்த்துறை ஆசிரியை. கல்லூரியில் அழைப்பிதழ், வாழ்த்துமடல், தீர்மானம், கூட்டக் குறிப்பு என்று எது எழுத வேண்டுமானாலும் என் மேஜைக்குத்தான் வரும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. முப்புடாதி தன் கேள்வித்தாளைத் திருத்தித் தரச் சொல்லி வந்தபோது என் கைத்திறமையை முழுதும் காட்டினேன். 'கல்விச் சூழல் தங்கள் உள்ளத்தில் ஏற்படுத்திய உணர்வலைகள் யாவை?' என்பது அதில் ஒன்று. மறுநாள் தாளோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கு மேடம். ஆனா இதுக்கு ஒருத்தராலயும் பதில் சொல்ல முடியாது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அதை அடித்துவிட்டு, 'பள்ளிக்கூடத்துல எந்தச் சத்தம் உங்களுக்கு ஆகாது?' என்று எழுதினாள். அந்த ஒரு கேள்விக்கு பெனிட்டோ முக்கால் மணி நேரம் பதில் சொன்னான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மணிச் சத்தத்தில் தொடங்கி, பெஞ்சை இழுக்கும் சத்தம், சாக்பீஸ் கீச்சிடும் சத்தம், பிரம்பை மேஜையில் தட்டும் சத்தம் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறான்.

கலைச்சொல் விஷயத்திலும் என்னை விடவில்லை. 'நரம்பியல் பன்மை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "எங்கம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன் மேடம். அது என்னட்டி, எந்த ஆசுபத்திரியில இருக்குன்னு கேக்கா" என்றாள். கடைசியில் அவர்கள் தங்கள் நோட்டின் அட்டையில் 'மூளைகள் பல மாதிரி' என்று எழுதிக்கொண்டார்கள். இருபது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், இருபத்துமூன்று வயதுப் பெண்ணிடம் தமிழ் கற்க ஆரம்பித்தேன்.

அவர்கள் வேலை செய்த விதம் இது. புதிதாக ஒருவர் வந்தால், ஒரு வருடம் முன்பு வந்த ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவருக்குப் பெயர் 'கூட வர்றவங்க'. கூட வருபவர் புதியவருக்காகப் பதில் சொல்லக் கூடாது. தண்ணீர் கொடுக்கலாம், எழுந்து நடக்க வேண்டும் என்றால் கூட நடக்கலாம். அடுத்த வருடம் அந்தப் புதியவரே கேள்வி கேட்பவர், இன்னொருவருக்குக் கூட வருபவர். முப்புடாதி பெனிட்டோவுக்குக் கூட வந்தாள். பெனிட்டோ ஒரு பெண்ணுக்குக் கூட வந்தான். அப்படியே பதினோரு பேர் ஆனார்கள். அவர்களில் முப்பது வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை.

சனிக்கிழமை காலைகளில் ஐந்தருவிப் பக்கம், சீசன் இல்லாத மாதங்களில் பூட்டிக் கிடக்கும் பெனிட்டோ வீட்டுக் கடையில் கூடுவார்கள். இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலா என்று கேட்டேன். "சத்தம் ஒரே மாதிரி இருந்தா பிரச்சினை இல்ல மேடம். திடீர்னு அடிக்க ஹாரன்தான் பிரச்சினை" என்றாள். இன்னொரு காரணமும் சொன்னாள். அருவிச் சத்தத்தில் ஒருவர் சொல்வது கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் கேட்காது. கூட்டி வரும் பெற்றோர் டீக்கடையில் உட்கார்ந்து எவ்வளவு காதைத் தீட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

ஒருமுறை ஒரு தகப்பனார் மகனை உட்கார வைத்துவிட்டு எழுந்து போக மறுத்தார். "அவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்லுதேன், நீ எழுதிக்கோ" என்றார். முப்புடாதி அவர் சொன்னதை அமைதியாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, உங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்குதேன். நீங்க ஏன் படிப்ப விட்டீயன்னு கேட்டு எழுதுதேன். இன்னைக்கு அவன் நாளு" என்றாள். மனிதர் எழுந்து போய்விட்டார். அதை வேடிக்கை என்று நான் நினைத்தேன். அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவருக்கு நாள் ஒதுக்கியிருப்பதாகப் போன் பண்ணினாள். அவரும் வேட்டி மாற்றி வந்து உட்கார்ந்து, ஆறாம் வகுப்பில் தான் நின்ற கதையைச் சொன்னார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வாசித்துக் காட்டுவது. ஒருவர் சொன்னதை நோட்டில் எழுதியபின், அடுத்த சனிக்கிழமை அவருக்கே அதை முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை அவர் கண் முன்னால் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். ஏன் வேண்டாம் என்று கேட்கக் கூடாது. அடித்த வரி அதோடு செத்தது. வெளியே யாரிடமும் அதைச் சொல்லக் கூடாது. "சொன்னவங்களுக்குத்தானே அது சொந்தம். நாம எழுதிட்டா நமக்குச் சொந்தமாயிருமா?" என்பாள். ஆய்வு, நெறிமுறை என்று கருத்தரங்குகளில் நான் கேட்ட மணிக்கணக்கான பேச்சில் இந்த இரண்டு வாக்கியம் இருந்ததில்லை.

இனி அவர். உளவியல் துறைத்தலைவர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்குப் போடுவார் என்ற பயம் இல்லை. அவள் பெயர் இருக்கும் தாளில் அவர் பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான். முப்புடாதி என்ற பெயர் அவர் நாக்குக்கு வராது. 'மிஸ் முப்பு' என்பார். "சார், என் பேரு முப்புடாதி" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவாள். ஒவ்வொரு முறையும் அவர் சிரிப்பார். நோட்டுகளை வீட்டில் வைத்தால் மழையில் நனைந்துவிடும், துறை பீரோவில் வை, பத்திரமாக இருக்கும் என்று சொன்னார். கொண்டுபோய் வைத்தாள். பின்னால் நான் அதற்காக அவளைத் திட்டியபோது சொன்னாள்: "பத்திரமா வப்பேன்னு சொன்னாரு. பத்திரமாத்தான் வச்சிருந்தாரு மேடம். கேக்காம அச்சடிக்க மாட்டேன்னு அவரு சொல்லவே இல்லியே." அவளால் அவரைக்கூட நியாயமாக நடத்த முடிந்தது. எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

அந்த நோட்டுகளை வைத்து அவர் போட்ட புத்தகம் குற்றாலத்தில் ஒரு விடுதியில் வெளியானது. பளபளப்பான அட்டை, ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. நன்றிப் பக்கத்தில், தட்டச்சு செய்தவருக்கும் கார் ஓட்டியவருக்கும் நடுவில் 'செல்வி முப்பு' என்று இருந்தது. தட்டச்சு செய்தவரும் கார் ஓட்டியவரும் தங்கள் வேலையை உண்மையாகவே செய்தவர்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேள்விகள் அத்தனையும் ஐந்தருவியில் கூடிய பதினோரு பேருடையவை. பதில்கள் அவர்களுடையவை. 'பள்ளிக்கூடத்துல எந்தச் சத்தம் உங்களுக்கு ஆகாது' என்பதுகூட எழுத்து மாறாமல் இருந்தது. என் உணர்வலைகளை நல்லவேளை அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முப்புடாதி விழாவிலிருந்து ஒரு பிரதியை வாங்கி வந்து இரண்டு நாள் படித்தாள். மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்து புத்தகத்தை வைத்தாள். "மேடம், என் பேரு இல்லாதது பரவாயில்ல. அடிச்ச வரியெல்லாம் இதுல இருக்கு" என்றாள். அவள் கை மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. அடித்த வரிகளில்தான் சுவாரசியம் இருக்கிறது என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருப்பது தெளிவாகத்தான் தெரியும். படித்து, எடுத்து, ஊர், வயது, தகப்பனார் தொழில் எல்லாம் சேர்த்துப் போட்டிருந்தார். பெயரை மட்டும் விட்டிருந்தார். நம் பக்கத்துச் சிற்றூர்களில் ஊரும் வயதும் தகப்பனார் தொழிலும் தெரிந்தபின் பெயர் எதற்கு?

பெனிட்டோ கூட வந்த அந்தப் பெண்ணின் வரி ஒன்று அதில் இருந்தது. அவள் வீட்டில், அவள் அப்பா சம்பந்தமாக நடந்த ஒன்று. அவள் சொன்னாள், மறுவாரம் அடிக்கச் சொன்னாள், அடித்தார்கள். அது என்ன என்று நான் எழுத மாட்டேன், அவள் ஊரையும் சொல்ல மாட்டேன். புத்தகம் வந்த மாதத்திலேயே ஊருக்குள் அது தெரிந்தது. அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். அக்காவுக்குப் பேசியிருந்த சம்பந்தம் விலகிப் போனது. ஐந்தருவிக்கு வருவதற்கு வீட்டில் தடை. "நான் அடிக்கச் சொன்னேம்லா? அடிச்சீயல்லா? பெறகு எப்படி அங்கன போச்சு?" என்று முப்புடாதியிடம் போனில் கேட்டாளாம். முப்புடாதி அவளிடம் பீரோவில் வைத்ததைச் சொல்லி, "என் தப்பு" என்றாளாம். அந்தத் தப்பை முப்புடாதி ஏற்றுக்கொண்டாள், உரியவர் இன்றுவரை ஏற்கவில்லை. இந்தப் பத்தியை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை அடிக்கச் சொன்னாள். அடித்தபின் மிஞ்சியதுதான் நீங்கள் படித்தது.

முப்புடாதி கல்லூரிக்குப் புகார் கொடுத்தாள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. மூவரும் துறைத்தலைவரின் நண்பர்கள் என்று சொன்னால் அநியாயம். இருவர்தான் நண்பர்கள். மூன்றாமவருக்கு ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரம். குறிப்பெடுக்க வழக்கம்போல நான். நண்பர்களில் மூத்தவர்தான் குழுத்தலைவர். முப்புடாதி தன் அம்மாவின் பெரிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, சரியாகப் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தாள். அடித்த வரிகள் பற்றி அவள் புகாரில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"இந்த ஆய்வு முழுக்க நீ தனியா செஞ்சதாம்மா?"

"இல்ல சார்" என்றாள்.

நீங்களோ நானோ ஆமாம் என்றிருப்போம். எதிரே இருப்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று பார்த்து அதற்கு ஏற்ற பதிலைச் சொல்வோம். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். இவளைப் போன்றவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் நன்றாகத் தெரியும். பத்துப் பேருடைய உழைப்பைத் தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எதைப் பற்றி அவள் புகார் கொடுத்தாளோ அதே காரியத்தை அவளே எப்படிச் செய்வாள்?

"நாங்க பதினோரு பேரு சேந்து செஞ்சோம் சார். பேரு சொல்லுதேன். மொதல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"போதும்மா" என்றார் குழுத்தலைவர். என் பக்கம் திரும்பினார். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க மேடம். எழுதிக்கோங்க."

எழுதினேன். 'மேற்படி ஆய்வு தம்மால் செய்யப்பட்டதன்று என்பதை விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டார்.' ஒரு பிழை இல்லாத வாக்கியம். புகார் தள்ளுபடி ஆயிற்று. இருபது வருடம் ஆகியும் அப்போது நான் தற்காலிகப் பணியில்தான் இருந்தேன். பணி நிரந்தரத்துக்கான பரிந்துரையில் துறைத்தலைவரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் ஆணை வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம், நானும் குடித்தேன். இந்தக் கட்டுரையில் யார் மேலாவது இரக்கம் காட்டுவதாக இருந்தால் அது நிச்சயம் என் மேல் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஐந்தருவிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். போகாவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று போனேன். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முப்புடாதி என்னைப் பார்த்ததும், "மேடம், நீங்க அன்னைக்கு எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டல" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. விடுபட்டுப்போன ஒரு வேலையை நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னாள். என் வாக்கியங்கள் எனக்கு மறப்பதில்லை. மனப்பாடமாகச் சொன்னேன். பெனிட்டோ மட்டும் "ஏ... எப்பா" என்றான்.

முப்புடாதி சொன்னாள்: "நான் இல்லன்னு சொன்னது நெசம். நீங்க எழுதியிருக்கது நெசம் இல்ல. அடிச்சிருங்க."

"கையெழுத்து ஆயிட்டு முப்புடாதி. இப்ப அடிக்க முடியாது."

"இப்ப முடியாதுன்னா, எப்ப முடியும்?"

அது கேலி அல்ல, கோபம் அல்ல. நான் ஒரு நாளைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பிறகும் சனிக்கிழமைகளில் போனேன். பழையபடிதான் பேசினாள், கேள்விகளைத் திருத்தக் கொடுத்தாள், நான் திருத்தியதைத் திருத்தினாள். அவள் என்னை மன்னித்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தாள். ஏழு மாதம் காத்திருந்து, பதில் வராமலே போய்விட்டாள்.

கீழப்பாவூரில் அவளைக் கிடத்தியிருந்த வீட்டுக்குத் துறைத்தலைவர் ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார். கூடவே ஒரு போட்டோக்காரர். மாலையைச் சரியாகப் போட்டபிறகும் இரண்டு முறை எடுத்துப் போட்டார், வெளிச்சம் சரியில்லையாம். ஆவுடையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு மேடம் இந்த ஆளு? எம்புள்ளைக்கு ரொம்ப வேண்டியவரோ?" என்று கேட்டார். முப்புடாதி வீட்டில் எதையும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். நான் அப்போது பதில் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போய், எல்லாவற்றையும், பாயசம் உட்பட, சொன்னேன். ஆவுடையம்மாள் கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த மாலையப் பிச்சு எறிஞ்சிருப்பேனே" என்றார்.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தலைமை, துறைத்தலைவர். இரங்கல் தீர்மானம் வாசிப்பது, நான். முந்தின நாள் அவரே போன் பண்ணினார். "வழக்கம்போல ஒரு பக்கம் மேடம். கேக்குறவங்க கண்ணு கலங்கணும்" என்றார். சரி சார் என்றேன். அன்றுதான், விசாரணைக் குறிப்பும் எழுதியிருந்த தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பழைய வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் நடந்ததை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். இப்ப முடியாது என்று நான் அவளிடம் சொன்ன காரியத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஆவுடையம்மாள். அடுத்து ஐந்தருவிக் கூட்டத்தார் பத்துப் பேரும். அவர்களில் அந்தப் பெண்ணும் இருந்தாள். எப்படி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. துறைத்தலைவர் இருபது நிமிடம் பேசினார். "மிஸ் முப்பு என் மகள் மாதிரி, நான் கைப்பிடித்து நடத்திய ஆய்வாளர்" என்றார். கைக்குட்டை எடுத்தார். பிறகு என்னை அழைத்தார்கள்.

நான் தீர்மானத்தை வாசித்தேன். "விசாரணைக் குழுக் குறிப்பில் விடுபட்டது. கேள்வி: இந்த ஆய்வு முழுக்க நீ தனியாகச் செய்ததா? பதில்: இல்லை. நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து செய்தோம், பெயர் சொல்கிறேன். இந்த இடத்தில் குழுத்தலைவர் போதும் என்றார். குறிப்பெடுத்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, சொல்லாததை எழுதினார். அதை எழுதியவள் நான். அதனால் பலன் அடைந்தவர்கள் இருவர். ஒருவர் இந்தக் கூட்டத்தின் தலைவர். மற்றவள் நானேதான்." பிறகு, சிவப்பு மையால் அடிக்கப்பட்ட வரிகள் அவர் புத்தகத்தின் எந்தெந்தப் பக்கங்களில் இருக்கின்றன என்று பக்க எண்களை மட்டும் வாசித்தேன். வரிகளை வாசிக்கவில்லை.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து மைக்கை நோக்கி வந்தார். "மேடம், இதுக்கு இது இடம் இல்ல" என்றார். நான் மைக்கை விடாமல், "மறைந்த முப்புடாதிக்கு அஞ்சலியாக அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்போம்" என்றேன். அரங்கமே எழுந்து நின்றது. நம் ஊரில் அந்த ஒரு நிமிடத்தில் வாய் திறக்க யாருக்கும் துணிவு வராது. வழியில் நின்றவர் அப்படியே நிற்க வேண்டியதாயிற்று. கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றார். அந்த நிமிடத்தில் நான் முப்புடாதியை நினைத்தேன் என்று சொன்னால் பொய். அவர் காதுமடல் வரை ஏறிய இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயசத்தைவிட இனித்தது.

பாதி நிமிடம் போயிருக்கும். பேசாமல் நிற்பது பெனிட்டோவால் ஆகாத காரியம். "பெனிட்டோ" என்று தன் பெயரைச் சத்தமாகச் சொன்னான். யாரோ உஸ் என்றார்கள். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் தன் பெயரைச் சொன்னான். அடுத்தவள் சொன்னாள். ஒவ்வொருவராக, அவரவர் குரலில், ஒருவன் திக்கி, ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு, பத்துப் பெயர்களும் வந்தன. அந்தப் பெண் தன் பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொன்னாள். இதை அச்சில் போடலாமா என்று பின்னால் கேட்டேன். "மண்டபத்துல சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன். தாள்ல வேண்டாம்" என்றாள். பத்தாவது பெயர் முடிந்ததும் ஆவுடையம்மாள் மேடையில் நின்ற அவரை நேராகப் பார்த்து, "முப்புடாதி" என்றார். சந்தையில் கூவிப் பழகிய குரல் அது. வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டது.

மறுநாள் எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. நிரந்தரமான வேலை நிரந்தரமாக இருக்குமா என்று தெரியவில்லை. நிர்வாகம் மறு விசாரணைக்கும் உத்தரவிட்டிருக்கிறது, இந்த முறை வெளியாட்களைக் கொண்டு. பதினோரு நோட்டுகளும் துறை பீரோவிலிருந்து எடுத்து முத்திரை வைக்கப்பட்டிருக்கின்றன. துறைத்தலைவர் இரண்டு முறை தவணை வாங்கிவிட்டார். முதலில் முதுகுவலி, பிறகு இரத்த அழுத்தம். நன்றாகத் தேறி வரட்டும். அவருடைய ஆரோக்கியத்தில் எனக்கு இருக்கும் அக்கறை அவர் வீட்டாருக்குக்கூட இருக்காது.

குறிப்பெடுக்க வேறு ஆளைப் போட்டிருக்கிறார்கள். நான் சாட்சி, அவருக்கு எதிர் நாற்காலி. ஒருவன் ஐந்தருவிக் கடையில் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தாலும், முப்புடாதி கடிகாரத்தைப் பார்க்காமல், அடுத்த கேள்விக்குத் தாவாமல், அவனாகப் பேசும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். அவளுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பொறுமையைத்தான். அடித்த வரிகள் உங்கள் புத்தகத்துக்குள் எப்படி வந்தன என்று அவரிடம் கேட்பார்கள். முழுப் பதிலும் வரும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். அவளுக்கு அந்தப் பொறுமையில் கோபம் கலந்திருந்ததில்லை. எனக்குக் கலந்திருக்கிறது.